போத்தலின் மேல் ஒரு புனைகதை

நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் ஆகியவற்றோடு இலக்கிய விமர்சனத்தின் கடமை முடிந்துவிடுகிறது என்றே நம்மிற் பலர் எண்ணி வருகிறோம். ஆனால் நமது காலத்தில் மிகப் பெருந்தொகையாக அச்சிடப்படுவதும், மிகப் பெருந்தொகையானோர் கண்ணிற் படுவதும் இவற்றுள் எதுவுமன்று. பண்டங்களின்மேல் ஒட்டப்படும் லேபலுக்கே அந்தச் சிறப்பு உரியது. நூல் வாங்கும் வழக்கமில்லாதவனும் அதனை வாசிக்கிறான். அதிலே நிலவருணனை உண்டு, பாத்திரங்கள் உண்டு, சிலவேளைகளில் ஒரு குடும்பத்தின் வரலாறே உண்டு. ஆசிரியர் பெயர் மட்டும் இல்லை. மதிப்புரை எழுதுவாரும் இல்லை.

இந்த லேபல் இலக்கியம் உச்ச வளர்ச்சியை எய்தியிருக்கும் துறை ஒன்றை நோக்குவது பயன் தரும். முந்திரிகைச் சாற்றைப் புளிக்கவைத்து ஆக்கும் வைன்தான் அது. சவர்க்காரத்தை வாங்குபவன் அது ஒரு பெரிய ஆலையிற் செய்யப்பட்டதென்பதை அறிந்தே வாங்குகிறான். அதனால் அவனுக்கு மனக்குறை எதுவும் உண்டாவதில்லை. வைனை வாங்குபவன் நிலை வேறு. ஒரு மலைச்சரிவு, அதிலே ஒரு தோட்டம், தலைமுறை தலைமுறையாக அதைப் பேணிய ஒரு குடும்பம் ஆகிய யாவும் அந்தப் போத்தலுக்குள் அடங்கியிருப்பதாக நம்பியே அவன் பணம் கொடுக்கிறான். ஆகவே வைனின் விலையில் ஒரு பகுதி கதையின் விலையாகும். கதைக்கு விலை வாங்கப்படுமாயின், அக்கதையை விமர்சிக்கும் உரிமையும் நமக்கு உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள வைன் தட்டுகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாய் நிற்கும். ஒன்றின் லேபலில் ஒரு பாதச்சுவடு. வெறுங்கால் என்று பொருள்படும் 'பெயாபுட்' அதன் பெயர். இன்னொன்றில் வட்டமாய்ச் சுழலும் அண்டங்காக்கைகள், அது 'றேவன்ஸ்வூட்'. வேறொன்று, இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயரைத் தாங்கிய 'லூயி மார்ட்டினி'. பக்கத்திலே பிரெஞ்சுப் பெயர் பூண்டு கலிபோர்னியாவிலே பிறந்த 'குளோ டு புவா'. பழங்கால மருந்துக்கடையின் இரகசியக் கலவையை நினைவூட்டும் 'அபோதிக்' அதற்கு அடுத்தது. இளைஞனுக்கு ஒன்று, இரசிகனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று, தன்னை ஏழையல்லன் எனக் காட்டிக்கொள்ள விரும்புபவனுக்கு ஒன்று என வகைவகையாய் அவை காட்சி தரும். சுதந்திரமான போட்டியின் பொருட்காட்சி என்று இதனைக் காட்டி முதலாளித்துவப் பொருளியலாசிரியர் பெருமைப்படவுங் கூடும்.

ஆனால் நாம் மேலே குறித்த ஐந்து பெயர்களும் ஒரே கம்பனியின் கைக்குட்பட்டவை. 1933ஆம் ஆண்டில், மதுவிலக்கு நீங்கிய வேளையில், கலிபோர்னியாவின் மொடெஸ்ரோ நகரில் ஏர்னஸ்ட், ஜூலியோ என்னும் சகோதரர் இருவர் தொடக்கிய 'ஈ. அன்ட் ஜே. கலோ' என்ற ஸ்தாபனமே அது. பங்குச் சந்தைக்குச் செல்லாது குடும்ப உடைமையாகவே வளர்ந்து உலகின் மிகப் பெரிய வைன் ஸ்தாபனமாகிய அது, மார்ட்டினியை 2002இலும் பெயாபுட்டை 2005இலும் வாங்கியது. அபோதிக்கைத் தானே படைத்தது. றேவன்ஸ்வூட்டின் வரலாறு இன்னும் விளக்கமானது. 1976இல் ஜோயல் பீற்றர்சன் என்பவர் சிறிய அளவிலே தொடங்கிய அது, 2001இல் ஏறக்குறைய 15 கோடி டொலருக்குக் 'கொன்ஸ்டலேஷன்' என்ற பெருங் கம்பனியிடம் சென்றது. அக்கம்பனி தன் மலிவு வைன்களைக் கழித்துவிடத் தீர்மானித்தபோது, முப்பது வரையான பெயர்களை ஒரே கட்டாகக் கட்டிக் கலோவுக்கு விற்றது. 2019இல் பேசி முடித்த அவ்விற்பனையிலிருந்து, போட்டி நசிந்துவிடும் என்ற காரணத்தால் சில பெயர்களை அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு விலக்குவித்தது. எஞ்சியவை 2021 ஜனவரியில் 81 கோடி டொலருக்குக் கைமாறின. றேவன்ஸ்வூட்டும் குளோ டு புவாவும் அக்கட்டினுள்ளே இருந்தவை. இருமுறை உடைமை மாறியபோதும், அண்டங்காக்கைகள் லேபலை விட்டுப் பறக்கவில்லை.

இது ஒரு கம்பனியின் தனிப்பட்ட குணமன்று. அமெரிக்காவில் விற்பனையாகும் வைனிற் பாதிக்கு மேற்பட்டது கலோ, வைன் குறூப், கொன்ஸ்டலேஷன் ஆகிய மூன்று ஸ்தாபனங்களுக்கு உரியதென்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ஹவார்ட் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. பிரான்சின் நிலைமையும் இதுவே. மொயே, வேவ் கிளிக்கோ, குறுக், ருயினார், மேர்சியே என்று தனித்தனி வமிசங்களின் பெயர்களைச் சூடி நிற்கும் ஷம்பேன் மாளிகைகள் ஒரே ஆடம்பரப்பொருட் குழுமத்தின் அறைகளாக ஆகிவிட்டன.

ஒரே கம்பனி எதற்காக இத்தனை பெயர்களைச் சூடிக்கொள்கிறது? கடையின் தட்டிலே இடம் குறைவு. ஒரு பெயருக்கு ஓர் அடி இடம் கிடைக்குமாயின், இருபது பெயருக்கு இருபது அடி கிடைக்கும். அந்த இருபது அடியிலும் அந்நியன் கால்வைக்க முடியாது. அடுத்தது விலை. 5 டொலர் போத்தலிலும் 50 டொலர் போத்தலிலும் ஒரே பெயர் இருந்தால், மலிவான போத்தல் விலையுயர்ந்த போத்தலின் மானத்தைக் கெடுத்துவிடும். இவற்றினும் வலியது விநியோக முறை. மதுவிலக்கு நீங்கியபின் அமெரிக்க மாநிலங்களிற் பெரும்பாலானவை, உற்பத்தியாளன் மொத்த வியாபாரிக்கும், மொத்த வியாபாரி கடைக்காரனுக்கும் விற்கவேண்டும் என்ற ஒழுங்கை வகுத்தன. எல்லா விலையிலும் எல்லா வகையிலும் பண்டம் தரும் பெரிய கம்பனியை மொத்த வியாபாரி விரும்புவதும், ஒரே ஒரு வைனைக் கையில் ஏந்தி வரும் சிறு உற்பத்தியாளனைக் காத்திருக்க வைப்பதும் இயல்பே. கடைசியாக, ஒரு பெயர் மீது வாங்குபவனுக்குச் சலிப்புத் தட்டினால், அவன் அதை உதறிவிட்டு அடுத்த பெயரை நாடுகிறான். தான் ஒரு முதலாளியைத் தண்டித்து இன்னொருவனை ஆதரித்துவிட்டதாக அவன் எண்ணுகிறான். பணம் விழுவதோ அதே பெட்டியில்.

*

பொருளாதாரம் இவ்வாறிருக்க, இதற்கு உருவம் கொடுக்கும் கலையை இனி நோக்குவோம். லேபலின் முகப்பிலே உள்ள பெரிய எழுத்துகள் கவிஞனுடையவை. அடியிலே உள்ள பொடி எழுத்துகள் வழக்கறிஞனுடையவை. அமெரிக்கச் சட்டப்படி போத்தலில் அடைத்தவனின் பெயரும் ஊரும் லேபலில் இருக்கவேண்டும். ஆனால் அந்தப் பெயர் உண்மையான கம்பனியின் பெயராக இருக்கவேண்டியதில்லை. அனுமதிப்பத்திரத்திலே பதியப்பட்ட வியாபாரப் பெயர் எதுவாயினும் போதும். ஒரு கம்பனி எத்தனை பெயரைப் பதிந்துகொள்கிறதோ அத்தனை 'வைனகங்கள்' லேபலிலே பிறந்துவிடுகின்றன.

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அங்குள்ள வினைச்சொற்களைச் சற்று உற்றுநோக்குவாராக. 'உற்பத்தி செய்து அடைத்தவர்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால், அந்த வைனில் நூற்றுக்கு 75 பங்காவது அக்கூறப்பட்ட இடத்திலே புளிக்கவைக்கப்பட்டிருத்தல் வேண்டும். 'செலர்ட்', 'வின்ரட்' என்ற சொற்கள் இருந்தால், எங்கோ எவரோ ஆக்கிய வைனைக் கொள்வனவு செய்து, தொட்டியிலே சிறிது பக்குவப்படுத்தினாற் போதும். தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது என்று கூறுவதற்கோ, முந்திரிகை முழுவதும் அந்த வைனகத்தின் உடைமையிலோ ஆட்சியிலோ உள்ள நிலத்தில் விளைந்திருக்கவேண்டும். வாசிப்பவன் காதுக்கு இம்மூன்றும் ஒரே பழமையின் மணத்தையே தருகின்றன. முதலாவது வினைக்கு எழுவாய் உண்டு. இரண்டாவதிலே எழுவாய் மெல்ல நழுவிவிடுகிறது. பொய் ஒன்றும் சொல்லாமலே பொய்யான எண்ணத்தை ஏற்படுத்தும் உரைநடைக்கு இதனினும் நல்ல உதாரணம் காண்பது அரிது.

பாத்திரப் படைப்பிலும் இத்துறை பின்தங்கியதன்று. 1984ஆம் ஆண்டில் 'பார்டில்ஸ் அன்ட் ஜேம்ஸ்' என்ற பெயரில் பழரசம் கலந்த ஒரு மெல்லிய வைன் பானம் வெளிவந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் இரண்டு முதியவர்கள் வீட்டுத் திண்ணையிலே அமர்ந்திருப்பர். ஒருவர் பேசுவார், மற்றவர் வாயே திறவார். தாங்கள் இந்த வியாபாரத்தைத் தொடங்குவதற்காக நண்பர் தம் வீட்டை மறுமுறையும் ஈடுவைத்தார் என்று பேசுபவர் தெரிவிப்பார். முடிவில், தங்களுக்கு அளிக்கும் ஆதரவுக்கு நன்றி கூறுவார். இதனை ஆக்கிய ஹால் றைனி என்பவருடைய கைவன்மையை நாம் மறுக்கமாட்டோம். நடித்தோர் தொழில்முறை நடிகரல்லர். பேச்சிலே மிகையில்லை, மௌனம் பாத்திரத்தை முழுமைப்படுத்துகிறது, கிராமத்து மனிதரின் நேர்மையும் சிறு அசட்டுத்தனமும் சுருக்கமாக உருப்பெறுகின்றன. சிறுகதை எழுதும் நமது இளைஞர்கள் இச்சிக்கனத்தைக் கவனிக்கலாம்.

ஆனால் பார்டில்சும் இல்லை, ஜேம்சும் இல்லை. திண்ணைக்குப் பின்னாலிருந்தது கலோ கம்பனி. அதன் பெயர் விளம்பரத்தில் இல்லை. புனைகதைக்கும் புரட்டுக்கும் உள்ள எல்லை இங்குதான் இருக்கிறது. நாவலாசிரியன் தான் புனைகிறான் என்பதை வாசகனுக்கு மறைப்பதில்லை. அந்த உடன்படிக்கையின்மேலேயே இலக்கிய உண்மை எழுகிறது. இங்கோ வீட்டை ஈடுவைத்த சிறு மனிதன் மீது மக்களுக்குள்ள இயல்பான அநுதாபம், அத்தகைய சிறு மனிதர்களைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் பெரு முதலின் பயனுக்காக அறுவடை செய்யப்படுகிறது.

மக்கள் வரலாறும் இவ்வறுவடைக்குத் தப்பவில்லை. ஆஸ்திரேலியாவின் 'ட்ரெஷரி வைன் எஸ்டேட்ஸ்' என்ற பெருங் கம்பனி 2012இல் '19 குற்றங்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு வைன் வரிசையை வெளியிட்டது. பிரித்தானிய ஆட்சி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திய கைதிகளின் பழைய நிழற்படங்களே அதன் லேபல். அம்முகங்களுள் ஜோன் பொயில் ஓரெய்லியின் முகமும் ஒன்று. அவர் யார்? பிரித்தானியப் படையில் இருந்துகொண்டே ஐரிஷ் விடுதலை இயக்கத்திற் சேர்ந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டு, 1868இல் மேற்கு ஆஸ்திரேலியாவிற் கொண்டுபோய் இறக்கப்பட்டவர்; அடுத்த ஆண்டிலே திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் ஏறித் தப்பி, அமெரிக்காவை அடைந்து, பொஸ்ரனிற் பத்திரிகையாசிரியராகவும் கவிஞராகவும் வாழ்ந்தவர். அவருடைய கவிதை அந்தப் போத்தலை வாங்குபவனுக்குத் தேவையில்லை. கைதி என்ற முரட்டுக் கவர்ச்சி மட்டுமே தேவை. பேரரசு அவருடைய உடலைச் சிறைப்படுத்தியது. அதிலிருந்து அவர் தப்பினார். வியாபாரத்தின் சிறையிலிருந்து அவர் முகம் தப்பவில்லை.

*

பெயரை இவ்வளவு எளிதாகப் படைக்கவும் மாற்றவும் வல்லவர்கள், பெயரைப் பொருட்படுத்தாதவர் போலும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கலோ சகோதரருள் இளையவர் ஜோசப். பெற்றோர் இறந்தபின் மூத்தவர் இருவரின் பராமரிப்பில் வளர்ந்தவர். பிற்காலத்திலே தனியே பண்ணை நடத்தியவர். அவர் தாம் ஆக்கிய பாற்கட்டியைத் தம் சொந்தப் பெயரிலே கடைகளுக்கு விற்கத் தொடங்கினார். 1986இல் மூத்தவர்களின் கம்பனி அவர்மீது வழக்குத் தொடுத்தது. தந்தையின் சொத்திலே தமக்கும் மூன்றிலொரு பங்கு உண்டென்று அவர் எதிர்வழக்காடித் தோற்றார். கடைகளில் விற்கும் பாற்கட்டிக்குத் தந்தை வழிவந்த தம் பெயரையே வியாபாரப் பெயராக வைக்கக்கூடாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1992இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. இல்லாத பார்டில்சுக்கும் ஜேம்சுக்கும் பெயர் உண்டு. உயிருடன் இருந்த ஜோசப் கலோவுக்குத் தம் பெயர்மீது உரிமையில்லை.

ரொபேட் மொண்டாவியின் பெயர் அடைந்த கதி இதற்கு மறுபுறம். குடும்பத்தோடு பிணங்கி வெளியேறி, 1966இல் நாபா பள்ளத்தாக்கிலே அவர் நிறுவிய வைனகம், 2004இற் கொன்ஸ்டலேஷனுக்கு விற்கப்பட்டது. அவர் 2008இற் காலமானார். 2025இலே கொன்ஸ்டலேஷன் தன் பெயர்களிற் சிலவற்றை மீண்டும் விற்றது. அவருடைய வைனகத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அவர் பெயர் தாங்கிய மலிவு வரிசையை 'வைன் குறூப்'புக்குக் கொடுத்துவிட்டது. இறந்த ஒருவரின் பெயரைப் போட்டிக் கம்பனிகள் இரண்டு பங்கிட்டுக்கொண்டன. பெயர் என்பது மனிதனைச் சுட்டும் சொல்லாயிருந்த நிலை மாறி, மனிதனிலிருந்து பிரித்து விற்கக்கூடிய பண்டமாகிவிட்டதென்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

*

இவை யாவும் வாங்குபவனின் ஏமாற்றம் பற்றிய பிரச்சினையே என்றால், நாம் இவ்வளவு தூரம் எழுதியிருக்கமாட்டோம். வசதியுள்ளவன் வைனைப் பற்றி ஏமாறுவது உலகின் பெருந்துயரங்களுள் ஒன்றன்று. பெயரின் மறைவு உண்மையில் யாரைத் தாக்குகிறது என்பதை அறிய, போத்தலை விட்டுத் தோட்டத்துக்குச் செல்லவேண்டும்.

கலிபோர்னியாவின் தோட்டங்களில் முந்திரிகை பறித்தோர் பெரும்பாலும் மெக்சிக்கோ, பிலிப்பைன்ஸ் நாட்டு வழிவந்த தொழிலாளர். அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் தொழிலாளருக்கு அளித்த தொழிற்சங்க உரிமை, விவசாயத் தொழிலாளருக்கு மறுக்கப்பட்டிருந்தது. சீசர் சாவேஸ் முதலியோர் கட்டியெழுப்பிய சங்கத்துடன் கலோ கம்பனி 1967இல் ஓர் ஒப்பந்தம் செய்தது. 1973இல் அது காலாவதியானபோது, அச்சங்கத்தைப் புறக்கணித்து, லொறிச் சாரதிகளின் சங்கமான ரீம்ஸ்ரர்ஸ் சங்கத்துடன் கம்பனி கைச்சாத்திட்டது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பின் நாடெங்கும் கலோவின் வைனைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை வேண்டினர்.

பகிஷ்கரிப்பு என்பது பெயரால் நடத்தும் போராட்டம். எந்தப் பெயரை வாங்கக்கூடாது என்று சொல்லத் தெரியாவிட்டால் அது தொடங்கவே முடியாது. கலோவின் பண்டங்களோ பூன்ஸ் பாம், றிப்பிள், தண்டர்பேட் என்று பல பெயர்களில் விற்பனையாயின. இவற்றுட் தண்டர்பேட் 1957இல் வெளிவந்த, மதுசாரம் ஏற்றி வலுவாக்கப்பட்ட மலிவு வைன். நகர்ப்புற ஏழைகளின் சேரிகளிலே மிகுதியாக ஓடியது. குடும்பப் பெயரை மாணிக்கம் போலக் காத்த கம்பனி, இப்படிப்பட்ட போத்தல்களின் லேபலில் அதனைக் காட்ட விரும்பவில்லை. கலோவை வாங்கமாட்டேன் என்று உறுதிகொண்ட நல்லவன் ஒருவன், வேறொரு பெயரைத் தூக்கிக்கொண்டு மனநிறைவோடு வீடு திரும்பக்கூடும்.

இந்த இடத்திலே தொழிலாளர் லேபலை வாசித்தனர். முகப்பின் சித்திரத்தை விட்டு அடியிலுள்ள பொடி எழுத்துக்குச் சென்றனர். பெயரை மாற்றலாம், சட்டம் கேட்கும் ஊரை அவ்வளவு எளிதில் மாற்ற இயலாது. மொடெஸ்ரோவிலிருந்து வைன் அனுப்பும் பெருங் கம்பனி அக்காலத்தில் ஒன்றே. ஆகவே, லேபலில் 'மொடெஸ்ரோ, கலிபோர்னியா' என்றிருந்தால் அது கலோ என்று துண்டுப்பிரசுரங்கள் மூலம் நாடெங்கும் அறிவித்தனர். பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் இருக்க வாய்ப்பில்லாத பழம்பறிப்போர், வழக்கறிஞரும் விளம்பரக்காரரும் சேர்ந்து இயற்றிய ஒரு பிரதியின் முடிச்சை ஒரே ஊர்ப்பெயரால் அவிழ்த்துவிட்டனர். நமது காலத்தின் தலைசிறந்த இலக்கிய விமர்சனங்களுள் இதனையும் ஒன்றாக நாம் மதிக்கிறோம்.

1975 பெப்ரவரியில் சன்பிரான்சிஸ்கோவிலிருந்து 110 மைல் நடந்த தொழிலாளர் ஊர்வலம் அந்த மொடெஸ்ரோவை நோக்கியே சென்றது. மார்ச் முதலாந் திகதி அங்கு திரண்டோர் 15,000 வரையினர். அதே ஆண்டில், விவசாயத் தொழிலாளர் தம் சங்கத்தை இரகசிய வாக்கினால் தெரிவுசெய்யும் உரிமையைக் கலிபோர்னிய மாநிலம் சட்டமாக்கியது. பகிஷ்கரிப்பு 1978இல் முடிவுற்றது. அச்சட்டத்தால் தொழிலாளரின் துன்பம் ஒழிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் தம்மைச் சுரண்டுபவன் இன்னான் என்று பெயர்சொல்லிச் சுட்டும் ஆற்றல் அவர்களுக்குக் கிடைத்ததனாலேயே அவ்வளவேனும் இயன்றது.

சிறு தோட்டக்காரனின் வைனையே வாங்குவோம், அப்போது எல்லாம் சரியாகிவிடும் என்று கூறும் இரசிகர் ஒரு சாரார் உண்டு. இவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இவர்கள் லேபலின் கதையை மறுக்கவில்லை. அதன் உண்மைப் பிரதியைத் தேடுகிறார்கள். சிறிய தோட்டத்திலும் பழம் பறிப்பவன் கூலியாளே. அவனுடைய பெயர் எந்த லேபலிலும் இல்லை. முன்னைய குடும்ப உடைமையைப் பொற்காலமாக்கி ஏங்குவது விமர்சனமாகாது. கலோவும் ஒரு குடும்பம்தான் என்பதை மறந்துவிடக்கூடாது. பெரிய கம்பனியின் வைன் குடிக்கத் தகாததென்ற வாதமும் பயனற்றது. அது நல்ல வைனாகவே இருக்கலாம். சுவை அல்ல இங்கே வழக்கு. ஒரு பண்டத்தை ஆக்கியவர், ஆக்குவித்தவர், அதனால் ஆதாயம் பெறுபவர் யார் என்ற வினாவுக்கு விடை தெரியக்கூடிய நிலையில் மக்கள் வைக்கப்பட்டிருக்கிறார்களா என்பதே வழக்கு.

இன்று அந்த விடையைக் காண்பது 1975இலும் கடினம். விலைக்கு வாங்கிய பழைய வைனகங்களின் ஊர்ப்பெயர்கள் அவற்றின் லேபல்களில் அப்படியே இருப்பதால், மொடெஸ்ரோ என்ற ஒரு சொல் இனிப் போதாது. கம்பனிப் பதிவேடு, விற்பனை உடன்படிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றையும் வாசிக்கத் தெரிந்தாக வேண்டும். செய்யுளின் அணியைக் கண்டுபிடிக்கவும், எழுவாய் பயனிலையைப் பிரித்துக்காட்டவும் மாணவருக்குப் பயிற்சி தரும் நாம், செயப்பாட்டுவினையால் எழுவாயை ஒளிக்கும் இந்த உரைநடையையும் ஒருநாள் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். அங்கே மாணவர் கேட்கவேண்டிய கேள்வி எளிது: இந்த வாக்கியத்தில் வேலை செய்தவன் யார், அவன் பெயர் எங்கே?